நிறுவனப் போர்ட்டல்: அம்சங்களும் அவற்றைக் கட்டும் வரிசையும்

விடுப்பு கேட்க ஒரு மென்பொருள், சம்பளச் சீட்டு பார்க்க இன்னொன்று, பயணச் செலவைத் திரும்பப் பெற மூன்றாவது. விதிமுறைகள் யாரோ பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும். அறிவிப்புகள் மின்னஞ்சலுக்குள் புதைந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, பல நேரம் தனிக் கடவுச்சொல். கொஞ்சம் வளர்ந்த எந்த நிறுவனத்திலும் இதுதான் நிலைமை. புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையைக் கற்பதைவிட எது எங்கே இருக்கிறது என்று கற்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

இந்தச் சிதறலைச் சரிசெய்ய வந்தவைதான் நிறுவனப் போர்ட்டல்கள். உள்ளே வருபவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவருக்கு உரியதைப் பல மென்பொருள்களிலிருந்து எடுத்து, ஒரே இடத்தில் காட்டும் தளம் என்று போர்ட்டலைச் சொல்லலாம். இதில் “யார் என்று தெரிந்துகொண்டு” என்பதுதான் உயிரான பகுதி. முகப்புப் பக்கத்தின் அழகு, பேனர், வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அடையாளத்தையும் அனுமதியையும் சரியாகக் கட்டிய போர்ட்டல் பார்க்கச் சுமாராக இருந்தாலும் பயன்படும். அவற்றை அலட்சியமாக விட்ட போர்ட்டலை எவ்வளவு அழகுபடுத்தினாலும் காப்பாற்ற முடியாது. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறது.

போர்ட்டல் எது, எது இல்லை

நிறுவனத்தின் பொது வலைத்தளம் எல்லோருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டும். இன்ட்ராநெட் என்பது ஊழியர்களுக்கு மட்டுமான உள் தளம். அதிலும் பெரும்பாலும் எல்லோரும் ஒரே செய்தியைத்தான் படிப்பார்கள். போர்ட்டல் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே முகவரியைத் திறந்தாலும் கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிவது வேறு, கிடங்கில் இருப்பவருக்குத் தெரிவது வேறு.

யாருக்காகக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஊழியர் போர்ட்டல், வாடிக்கையாளர் போர்ட்டல், சப்ளையர் போர்ட்டல், விற்பனைக் கூட்டாளிகளுக்கான போர்ட்டல் என்று வகைகள் உண்டு. நான்குக்கும் அடித்தளத் தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பாதுகாப்புத் தேவைகள் வேறு. ஊழியரை நிறுவனமே சேர்க்கிறது, நிறுவனமே நீக்குகிறது. சப்ளையர் அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் நமக்குச் செய்தியே வராது.

எங்கிருந்து வந்தது

வரலாறு கொஞ்சம் தெரிந்தால் இன்றைய அம்சங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். 1996-இல் யாகூ தனது மை யாகூ சேவையைத் தொடங்கியது. செய்தி, வானிலை, பங்கு விலை என்று தனக்கு வேண்டிய பெட்டிகளை ஒருவர் தானே அடுக்கிக்கொள்ளலாம். இதையே நிறுவனத்துக்குள் செய்தால் என்ன என்ற எண்ணம் சீக்கிரமே பரவியது. 1998 நவம்பரில் மெரில் லிஞ்ச் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஷைலேக்ஸ், டைல்மேன் இருவரும் நிறுவனத் தகவல் போர்ட்டல்கள் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்தப் பெயர் துறையில் நிலைத்தது அதற்குப் பிறகுதான். 2001-இல் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் போர்ட்டல் சர்வரை வெளியிட்டது. ஐபிஎம், ஆரக்கிள், எஸ்ஏபி ஆகியவையும் தங்கள் போர்ட்டல்களைக் கொண்டுவந்தன. நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள்களில் லைஃப்ரே என்ற போர்ட்டல் வளர்ந்தது.

ஜாவா நிரல்மொழி உலகில் 2003-இல் வந்த ஜேஎஸ்ஆர் 168 என்ற தரநிலை, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் ‘போர்ட்லெட்’ என்று வரையறுத்தது. ஒரு போர்ட்லெட்டுக்குப் பார்த்தல், திருத்துதல், உதவி என மூன்று நிலைகள்; அதைச் சுருக்கலாம், முழுப் பக்கத்துக்கு விரிக்கலாம். 2008-இல் வந்த ஜேஎஸ்ஆர் 286, ஒரு பெட்டியில் நடப்பதை அடுத்த பெட்டி அறிந்துகொள்ள வழிசெய்தது. ஒரு பெட்டியில் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்துப் பெட்டியில் அவருடைய ஆர்டர்கள் தானாக வருவது இப்படித்தான். இன்று அதே எண்ணம் வெப் பார்ட், விட்ஜெட், மைக்ரோ ஃப்ரன்ட்எண்ட் என்று வேறு பெயர்களில் வாழ்கிறது. பெயர் எதுவானாலும் துண்டு துண்டாகக் கட்டி, ஒரு பக்கத்தில் சேர்ப்பதுதான் முறை.

முதல் படி: என்ன வேலையை முடிக்க வருகிறார்கள்?

துறைத் தலைவர்களைக் கூட்டி “முகப்பில் என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு பேனர் கேட்பார்கள். அதற்குப் பதிலாக உதவி மையத்துக்கு வரும் கேள்விகளை எடுத்துப் படியுங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது? எந்தப் படிவத்தை மக்கள் அடிக்கடி தேடுகிறார்கள்? மனிதவளப் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எதைப் பற்றி? நாலைந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஒரு வேலையை முடிக்க எத்தனை திரைகளைத் தாண்டுகிறார்கள் என்று பார்ப்பது இன்னும் நல்லது.

கிடைப்பதை வேலைகளாக எழுதுங்கள். “மனிதவளம்” என்று ஒரு தலைப்பு எழுதுவதைவிட “விடுப்புக்கு விண்ணப்பிக்க” என்று எழுதுவது பயன்படும். வருபவர் தன் வேலையை நினைத்துக்கொண்டுதான் வருகிறார். நிறுவனத்தின் பிரிவு அமைப்பு அவர் மனதில் இருக்காது. மெனுவும் அப்படியே அமைய வேண்டும். அந்தப் பட்டியலில் அதிகம் நடக்கும் சில வேலைகளை மட்டும் முதல் வெளியீட்டுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: அடையாளமும் ஒற்றை உள்நுழைவும்

இங்கே நிதானமாக நேரம் செலவழியுங்கள். பயனர் விவரம் எங்கிருந்து வருகிறது என்பது முதல் கேள்வி. பெரும்பாலான நிறுவனங்களில் ஆக்டிவ் டைரக்டரி போன்ற ஒரு பயனர் கோப்பகம் இருக்கும். எல்டேப் என்ற நெறிமுறை வழியாக மற்ற மென்பொருள்கள் அதைக் கேட்கும். ஆனால் ஒருவர் சேர்ந்தார், பிரிவு மாறினார், விலகினார் என்பது முதலில் பதிவாவது மனிதவள மென்பொருளில். அந்த இரண்டுக்கும் இடையே தானியங்கி இணைப்பு இல்லாவிட்டால், விலகியவரின் கணக்கு மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். இந்த இணைப்புக்கென்றே 2015-இல் ஸ்கிம் 2.0 என்ற தரநிலை வந்தது. பயனர் கணக்குகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றில் உருவாக்கவும், மாற்றவும், நீக்கவும் அது பயன்படுகிறது.

அடுத்தது ஒற்றை உள்நுழைவு. காலையில் ஒருமுறை லாகின் செய்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்பது பயனருக்குத் தெரியும் பக்கம். உள்ளே நடப்பது இதுதான்: நீங்கள் போர்ட்டலைத் திறந்ததும் அது உங்கள் பிரவுசரை அடையாளச் சேவையிடம் திருப்பி அனுப்புகிறது. அங்கே கடவுச்சொல்லும், கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாம் சான்றும் சரிபார்க்கப்படுகின்றன. பிறகு, “இவர் இன்னார்” என்ற செய்தி டிஜிட்டல் கையொப்பத்துடன் போர்ட்டலுக்குத் திரும்பி வருகிறது. போர்ட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து உள்ளே விடுகிறது. கடவுச்சொல் போர்ட்டலின் கைக்கு வருவதே இல்லை. இதன் பெரிய பலன் அதுதான்.

இதற்கு இரண்டு தரநிலைகள் பரவலாக உள்ளன. 2005-இல் வந்த எஸ்ஏஎம்எல் 2.0 பழைய நிறுவன மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. புதியவற்றில் பெரும்பாலும் 2014-இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட். இது 2012-இல் வெளியான ஓஆத் 2.0 மேல் கட்டப்பட்டது. ஓஆத் ஒரு மென்பொருளுக்கு இன்னொன்றின் தகவலை அணுக அனுமதி தருவதற்கானது; வந்தவர் யார் என்று உறுதியாகச் சொல்வது அதன் வேலை அல்ல. அதற்காகத்தான் ஓபன்ஐடி கனெக்ட் அதன் மேல் ஒரு அடையாள டோக்கனை, அதாவது வந்தவர் யார் என்று சொல்லும் கையொப்பமிட்ட ஒரு சிறு செய்தியை, சேர்த்தது. வெறும் ஓஆத்தை வைத்தே லாகின் கட்டினால் பாதுகாப்பில் ஓட்டை விழும்.

பலரும் யோசிக்காமல் விடுவது வெளியேறுதல். போர்ட்டலில் லாக்அவுட் செய்தால் அதன் வழியாகத் திறந்த சம்பள மென்பொருளும் மூடுகிறதா? பல நேரம் மூடாது. ஒவ்வொரு மென்பொருளும் தன் செஷனை, அதாவது நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்ற பதிவை, தனியாக வைத்திருக்கும். பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் இடங்களில் இது நிஜமான ஆபத்து. சோதனைப் பட்டியலில் முதல் வரியாகவே இதை எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: யாருக்கு எது

அனுமதியை ஆளுக்குத் தராதீர்கள், பொறுப்புக்குத் தாருங்கள். 1992-இல் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்டைச் சேர்ந்த ஃபெராயோலோ, குன் இருவரும் முறைப்படுத்திய கருத்து இது. கொள்முதல் அலுவலர் என்ற பொறுப்புக்கு என்னென்ன அனுமதி என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், ஆள் மாறும்போது பொறுப்பை மாற்றினால் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டே போனால், சில வருடங்களில் யாரிடம் என்ன இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சின்னச் சின்ன வேறுபாட்டுக்கெல்லாம் புதுப் பொறுப்பு உருவாக்கினால், பொறுப்புகளின் எண்ணிக்கை ஊழியர் எண்ணிக்கையைத் தொட்டுவிடும். பிரிவு, பணியிடம், பதவி நிலை போன்ற பண்புகளை அனுமதி விதிகளில் நேரடியாகப் பயன்படுத்தினால் இந்தப் பெருக்கம் குறையும்.

மெனுவில் ஒரு இணைப்பை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. அந்தப் பக்கத்தின் முகவரியை யாராவது நேரடியாகத் தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணை மாற்றினால் பக்கத்து ஊழியரின் சம்பளச் சீட்டு வந்துவிடுமா? ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் தானே சரிபார்க்க வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட முக்கிய ஆபத்துகளின் 2021 பட்டியலில் முதலிடத்தில் இருந்தது இந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடுதான்.

பயனருக்கு ஏற்ப மாறுவதில் இரண்டு விதம் உண்டு. பொறுப்பைப் பார்த்துப் போர்ட்டல் தானே தேர்ந்து காட்டுவது ஒன்று. பயனர் தானே பெட்டிகளை இழுத்து அடுக்கிக்கொள்வது மற்றொன்று. என் கருத்தில் முதலாவதற்கே உழைப்பைக் கொட்ட வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் போக வந்தவர், பெட்டிகளை அடுக்க உட்காரமாட்டார்.

நான்காம் படி: மற்ற மென்பொருள்களோடு இணைப்பு

இணைப்பில் ஆழம் வேறுபடும். வெறும் லிங்க் கொடுத்து, ஒற்றை உள்நுழைவால் நேரே உள்ளே அனுப்புவது மேலோட்டமானது. ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி, மூலமாகத் தகவலை எடுத்து, “உங்களுக்கு இன்னும் 8 நாள் விடுப்பு இருக்கிறது” என்று போர்ட்டலிலேயே காட்டுவது அடுத்தது. விண்ணப்பத்தையும் ஒப்புதலையும் அங்கேயே முடிப்பது ஆழமானது. எல்லாவற்றையும் ஆழமாக இணைக்க முயன்றால் திட்டம் முடியவே முடியாது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வேலைக்கு லிங்க் போதும். தினமும் பலர் செய்யும் வேலைக்கு மட்டும் ஆழமாகப் போங்கள்.

தகவலின் உரிமை மூல மென்பொருளிடமே இருக்கட்டும். போர்ட்டல் அதை நகலெடுத்துத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தால், இரண்டு இடத்தில் இரண்டு எண் தெரியும் நாள் நிச்சயம் வரும். அதற்குப் பிறகு பயனர் போர்ட்டலை நம்பமாட்டார்.

வேகம் தனிக் கவலை. முகப்பில் ஆறு பெட்டிகள், ஆறும் ஆறு மென்பொருளிலிருந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று தூங்கினால் பக்கம் முழுவதும் நிற்கக் கூடாது. பக்கச் சட்டகம் முதலில் வரட்டும், பெட்டிகள் தனித்தனியாக நிரம்பட்டும். ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டினால் “இந்தத் தகவல் இப்போது கிடைக்கவில்லை” என்று அந்தப் பெட்டியில் மட்டும் சொன்னால் போதும். வேகத்துக்காகத் தகவலைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும்போது, யாருக்கு உரிய தகவல் என்பதையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். ஒருவருக்காகச் சேமித்த பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டிவிட்டால், முந்தைய படிகளில் செய்த பாதுகாப்பு முழுவதும் வீண்.

ஐந்தாம் படி: உள்ளடக்கமும் ஆவணங்களும்

எழுதுதல், சரிபார்த்தல், வெளியிடுதல் என்ற ஓட்டமும் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் எந்தப் போர்ட்டலிலும் இருக்கும். அவற்றைக் கட்டுவது கடினமல்ல. பக்கங்கள் பழசாகிப் போவதைத் தடுப்பதுதான் கடினம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் மறுபார்வைத் தேதியும் கட்டாயம் வேண்டும். தேதி தாண்டியதும் பொறுப்பாளருக்கு நினைவூட்டல் போக வேண்டும். அவர் விலகிவிட்டால் அவருடைய மேலாளருக்குப் போக வேண்டும். பொறுப்பாளர் கிடைக்காத பக்கத்தைத் தயங்காமல் எடுத்துவிடலாம். தவறான விதிமுறை ஒன்றைப் படித்துவிட்டு ஒருவர் முடிவெடுப்பதைவிட, பக்கம் இல்லாமல் அவர் யாரையாவது கேட்பது மேல்.

ஆவணங்களில், ஒரே கோப்பு ஐந்து இடங்களில் ஏற்றப்படுவதுதான் வழக்கமான நோய். ஒரே இடத்தில் வைத்து, மற்ற இடங்களிலிருந்து லிங்க் மட்டும் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

ஆறாம் படி: தேடல்

மெனுவை எவ்வளவு யோசித்து அமைத்தாலும் பலர் நேராகத் தேடல் பெட்டிக்குத்தான் போவார்கள். உள்ளே சொலர், எலாஸ்டிக்சர்ச் போன்ற இன்ஜின்கள் இருக்கும்; இரண்டும் லூசீன் என்ற திறந்த மூல நூலகத்தின் மேல் கட்டப்பட்டவை. அவை எல்லா இடத்துத் தகவலையும் படித்து முன்கூட்டியே அட்டவணைப்படுத்தி வைக்கும்.

பொதுத் தேடலிலிருந்து நிறுவனத் தேடலைப் பிரிப்பது அனுமதி. பார்க்க உரிமை இல்லாத ஆவணம் முடிவுகளில் வரவே கூடாது. திறந்தால்தானே தடுக்க வேண்டும் என்று நினைப்பது போதாது. “ஆட்குறைப்புத் திட்டம்” என்ற தலைப்பு மட்டும் தெரிந்தாலே ரகசியம் போய்விட்டது. இதைச் செய்ய இரண்டு வழிகள். அட்டவணைப்படுத்தும்போதே யார் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துப் பதிவது வேகமானது. ஆனால் அனுமதி மாறிய பின் அடுத்த புதுப்பிப்பு வரை பழைய அனுமதியே செல்லும். தேடும் நேரத்தில் மூல மென்பொருளிடம் கேட்டுச் சரிபார்ப்பது துல்லியமானது, ஆனால் மெதுவானது. முதலில் அட்டவணையில் வடிகட்டி, கடைசியாகத் திரைக்கு வரும் சில முடிவுகளை மட்டும் நேரடியாகச் சரிபார்ப்பது நல்ல நடுவழி.

சொல்லோடு விகுதி ஒட்டும் மொழிகளில் உள்ளடக்கம் இருந்தால், வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வசதி இன்ஜினில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘விடுப்பு’ என்று தேடுபவருக்கு ‘விடுப்பிற்கான’ என்ற தலைப்புள்ள படிவம் கிடைக்காது. அப்புறம், முடிவே வராத தேடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மக்கள் எந்தச் சொல்லால் யோசிக்கிறார்கள் என்று அது நேராகக் காட்டிவிடும். அந்தச் சொற்களை இணைச்சொல் பட்டியலில் சேர்ப்பது மிகக் குறைந்த உழைப்பில் மிகப் பெரிய பலன் தரும் வேலை.

ஏழாம் படி: ஒப்புதல் ஓட்டங்கள்

விண்ணப்பம் யாரிடம் போகிறது, இப்போது யாரிடம் நிற்கிறது, எவ்வளவு நாளாக நிற்கிறது? இந்த மூன்றும் விண்ணப்பித்தவருக்குத் தெரிய வேண்டும். ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனால் அவருக்குப் பதில் யார் என்பதையும் முன்பே அமைத்துவிடுங்கள். தான் கேட்டதைத் தானே ஒப்புக்கொள்ள முடியாதபடி விதி இருக்க வேண்டும். அறிவிப்புகளை அளவோடு அனுப்புங்கள். எதற்கெடுத்தாலும் மின்னஞ்சல் வந்தால் முக்கியமானதையும் திறக்காமலே அழிப்பார்கள்.

கலந்துரையாடல், குழுப் பக்கங்கள், கருத்துக்கணிப்பு போன்றவையும் பட்டியல்களில் எப்போதும் இருக்கும். ஊழியர்கள் ஏற்கெனவே ஒரு அரட்டைச் செயலியில் பேசிப் பழகியிருந்தால், அதைப் போர்ட்டலோடு இணைப்பது போதும்.

எட்டாம் படி: எல்லோருக்கும், எல்லாத் திரையிலும்

மேசைக் கணினியே இல்லாத ஊழியர்கள் பல நிறுவனங்களில் பெரும்பகுதி. அவர்களுக்குக் கைபேசித் திரைதான் போர்ட்டல். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதைத்தான் அணுகல்தன்மை என்கிறோம். அதற்கு டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டுதலைப் பின்பற்றுங்கள், 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு, மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாவற்றையும் செய்ய முடிவது, படங்களுக்கு மாற்று விவரிப்பு ஆகியவை அதில் அடிப்படை. கண் தெரியாத ஊழியர் ஒருவர் தன் சம்பளச் சீட்டை அடுத்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் நிலை எந்த நிறுவனத்திலும் இருக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: வாங்குவதா, கட்டுவதா

ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 இருக்கும் நிறுவனத்துக்கு ஷேர்பாயின்ட் ஆன்லைன் இயல்பான தொடக்கம். ஆவணங்களும் உள் செய்திகளும் அதில் நன்றாக ஓடும். வாடிக்கையாளர், சப்ளையர் போர்ட்டல்களுக்கு லைஃப்ரே போன்றவற்றைப் பார்க்கலாம். ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் போர்ட்டல் 2019-இல் எச்சிஎல் கைக்கு மாறி இன்று வேறு பெயரில் தொடர்கிறது. அதைப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களுக்கு மாறுவதா தொடர்வதா என்பது தனிக் கணக்கு. தேவை குறுகியதாகவும் கையில் நல்ல நிரலாளர் குழுவும் இருந்தால், அடையாளச் சேவையை மட்டும் வாங்கி மீதியைக் கட்டுவதும் சரியான வழிதான். உள்நுழைவைச் சொந்தமாக எழுத மட்டும் முயல வேண்டாம்.

எதை வாங்கினாலும் அதன் மூல நிரலை மாற்றி வளைக்காதீர்கள். அடுத்த பதிப்புக்குப் போகும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து பாதுகாப்புத் திருத்தங்களையே போடாமல் விடுவார்கள்.

பத்தாம் படி: வெளியீடு

ஒரு பிரிவில் மட்டும் முதலில் திறந்து, சில வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்ப வேண்டாம். பிரவுசரின் முதல் பக்கமாகப் போர்ட்டலை அமைத்துவிட்டால் அது தானாகவே உயரும். தொடங்கிய விண்ணப்பங்களில் எத்தனை முடிந்தன, எந்தத் திரையில் விட்டுப்போனார்கள், உதவி மையத்துக்கு அதே கேள்வி வருவது குறைந்ததா என்று பாருங்கள்.

போர்ட்டல் வழியாக ஒரு வேலை ஒழுங்காக நடக்க ஆரம்பித்ததும் அதன் பழைய வழியைத் தேதி அறிவித்து மூடிவிடுங்கள். பழைய படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம் என்றால் பாதிப் பேர் அதையே செய்வார்கள். இரண்டு வழியையும் பராமரிக்கும் சுமை அந்தப் பிரிவின் மேல் விழும். மூடும்போது பழைய முகவரிகளைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள். அந்த முகவரிகளைப் பலர் புக்மார்க்கில் வைத்திருப்பார்கள், பழைய மின்னஞ்சல்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் அவை இன்னும் இருக்கும்.